இல்லை சொல்ல ஓர் ஆள்

சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால், நான் பதில் சொன்னதும் சிரித்துவிடுவார்கள். எப்போதும்வென்றான். ஓட்டப்பிடாரம் பக்கத்தில் இருக்கிற கரிசல் கிராமம். வானம் பார்த்த பூமி. பாதி வருடங்கள் விளைச்சலில் தோற்றுப்போகிற ஊருக்கு இப்படி ஒரு பெயர். நான் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கோவில்பட்டி கோர்ட்டில் நின்ற காலத்தில் அது எனக்குக் காசில்லாத விளம்பரமாக இருந்தது. "எப்போதும்வென்றான்காரம்மாகிட்ட கேஸக் குடுத்தாச்சு, இனிமே என்ன கவலை" என்று கட்சிக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். எழுபதுகளில் பெண் வக்கீல் என்பதே அதிசயம்தான். ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதைவிட ஊர்ப்பெயர்தான் அதிசயமாகப் பட்டது.

கோர்ட்டை விட்டுவிட்டுச் சமரசம் பேசப் புறப்பட்ட பிறகு அந்தப் பெயரே எனக்குத் தொல்லையாகிவிட்டது. இரண்டு பக்கமும் கொஞ்சம் இறங்கி வரவேண்டிய இடத்தில், எப்போதும் வென்றவள் ஒருத்தி வந்து நடுவில் உட்கார்ந்தால் யாருக்கு நம்பிக்கை வரும்? அதனால் வெளியூர் ஆட்களிடம் ஊர்ப்பெயரைச் சொல்லாமல் "தூத்துக்குடிப் பக்கம்" என்று சொல்லிச் சமாளித்தேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. தொழில் என்றால் அப்படித்தான்.

கோர்ட்டை விட்டது கோபத்தில்தான். அந்தக் காலத்தில் எங்கள் வட்டாரத்திலிருந்து தீப்பெட்டி, மிளகாய் வத்தல், மருந்துக்குப் போகிற நிலாவரை இலை என்று பலதும் தூத்துக்குடி வழியாக வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. சரக்கு கப்பலில் போகும். சண்டை தபாலில் திரும்பி வரும். ஒப்பந்தத் தாளின் அடியில் பொடி எழுத்தில், தகராறு வந்தால் லண்டனில் பேசிக்கொள்ளலாம், சிங்கப்பூரில் பேசிக்கொள்ளலாம் என்று அச்சடித்திருக்கும். கழுகுமலைக்குப் பஸ் ஏறவே நாள் பார்க்கிற வியாபாரி லண்டனுக்கு எங்கே போவது? இங்கேயே வழக்குப் போட்டால் வாய்தா மேல் வாய்தா. தீர்ப்பு வருவதற்குள் வத்தல் பொடியாகி, பொடி மக்கி, கடைசியில் இரண்டு பேருக்கும் எதற்குச் சண்டை போட்டோம் என்பதே மறந்துபோகும். ஒரு நாள் மாஜிஸ்திரேட் எதிரிலேயே கேஸ் கட்டைத் தூக்கி மேசையில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். மறுநாள் முதல் பஜாரில் ஓர் அறை பிடித்து உட்கார்ந்தேன்.

எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். சண்டைக்காரர்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, அவரவர் குறையைச் சொல்ல விடமாட்டேன். எதிராளியின் குறை என்ன என்பதை முதலில் நீங்கள் சொல்லுங்கள் என்பேன். அதைக் கேட்டு எதிராளி "ஆமா, அதுதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த பேச்சு. பெரும்பாலும் அந்த இடத்திலேயே பாதிக் கோபம் இறங்கிவிடும். தன் கட்சியை எதிரியின் வாயால் கேட்பதில் மனிதர்களுக்கு ஒரு திருப்தி இருக்கிறது.

ஒரு முறை நிலாவரை வாங்க வந்த ஜப்பான்காரர் ஒருவர், விற்கிறவர் தம்மை ஏமாற்றிவிட்டார் என்று குதித்தார். விசாரித்தால், விலை படியாமல் எழுந்த நம் ஆள் "அப்ப வாரேன்" என்று கும்பிட்டிருக்கிறார். சென்னையிலிருந்து கூட்டிவந்த மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே "வருகிறேன் என்கிறார்" என்று சொல்ல, பாவம், அந்த மனிதர் லாட்ஜ் அறையில் பொழுது சாயும்வரை காத்திருந்திருக்கிறார். எங்கள் ஊரில் போகிறவன்தான் வருகிறேன் என்பான் என்று விளக்கி, ஒரு டம்ளர் காப்பியில் அந்தச் சண்டையை முடித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. வெளிநாட்டுச் சண்டை எதுவானாலும் நடுவில் இருக்கிற மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து உலுக்கினால் உண்மை விழும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்படித் திரிந்துகொண்டிருந்தபோதுதான் வத்தல் கடை அண்ணாச்சி என் அறைக்கு வந்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. புதூர்ப் பக்கத்துச் சம்சாரிகள் விளைவித்த மிளகாய் வத்தலை வாங்கிப் பினாங்குக்கு அனுப்புகிறவர். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. அதிகம் பேசமாட்டார். அவர் "நல்ல சரக்கு" என்று சொல்லிவிட்டால் பினாங்கில் மூடையைப் பிரித்துப் பார்க்காமலே ஏற்றுக்கொள்வார்கள் என்று பஜாரில் பேச்சு. அது பேச்சு மட்டுமல்ல, உண்மையும்கூட.

அவரிடம் வாங்குகிறவர் பினாங்கில் கடை வைத்திருக்கும் ஒரு சீன முதலாளி. பல வருட வியாபாரம். இதில் விசேஷம் என்னவென்றால் அந்தச் சீனர் தமிழ் பேசுவார். பினாங்கு துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ராமநாதபுரத்து ஆட்களோடு சிறு வயதிலிருந்தே பழகியவர். டிரங்க் கால் போட்டால் நேரே அண்ணாச்சியோடு தமிழில் பேசி முடித்துக்கொள்வார். ஆக, நான் பிடித்து உலுக்குவதற்கு நடுவில் எந்த மொழிபெயர்ப்பாளரும் கிடையாது.

அந்த வருடம் களத்தில் காயப்போட்டிருந்த வத்தல் மீது பங்குனியில் மழை கொட்டிவிட்டது. எல்லாம் வெளுத்துச் சோடையாகிவிட்டது. அண்ணாச்சியிடம் வெளிநாட்டுக்கு அனுப்பும் தரத்தில் ஒரு மூடைகூட இல்லை. அப்போது பினாங்கிலிருந்து போன் வந்தது, சரக்கு இருக்கிறதா என்று. இருக்கிறது என்று அண்ணாச்சி சொன்னதாகப் பினாங்கு முதலாளி சொல்கிறார். அதை நம்பி அங்குள்ள மசாலா மில்காரர்களுக்கெல்லாம் வாக்குக் கொடுத்து, கப்பலில் இடமும் பிடித்துவிட்டார். கப்பல் தூத்துக்குடிக்கு வந்து வெறும் கையோடு போனது. வேறு யாரோ கூடுதல் விலை கொடுத்ததால் சரக்கைத் திருப்பிவிட்டுவிட்டார், கோவில்பட்டிக்காரன் பொய்யன் என்று பினாங்குக் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அங்கிருந்து வாங்கிக்கொண்டிருந்த மற்ற வியாபாரிகளும் அண்ணாச்சிக்கு ஆர்டர் போடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"போன்ல நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நெலவரத்தைச் சொல்லிட்டேன் வக்கீலம்மா. ஒளிவுமறைவு வைக்காமச் சொல்லிட்டேன். அவரும் சரி சரின்னு சந்தோசமாத்தான் போனை வச்சாரு."

"சந்தோசமாவா?"

"ஆமா. என்னடா இது, வருத்தப்படுவாருன்னு பாத்தா சிரிக்காரேன்னு நெனைச்சேன். அந்த மனுசரே ஒரு மாதிரிதான். நாலு லாட்டா அனுப்புனா எடுக்கவே மாட்டாரு. மூணாக்கு, அஞ்சாக்குன்னு உயிரை வாங்குவாரு. அந்தக் கிறுக்கையெல்லாம் பொறுத்துக்கிட்டுத்தான இத்தன வருசமா ஏவாரம் பண்ணுதேன்."

நட்டத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொய் சொன்னவன்னு சொல்லிட்டாரே. அந்தச் சொல்லை அவர் வாயாலயே அழிக்கணும். அது நடக்கலைன்னா வெளிநாட்டு ஏவாரத்தையே விட்டுருதேன்" என்றார். வத்தல் கடைக்காரர் கண்ணில் நீர் வருவது புதிதல்ல. ஆனால் என் அறையில் வத்தல் நெடி எதுவும் இல்லை. அவர் விட்டுவிட்டால் புதூர்ப் பக்கம் எத்தனை சம்சாரிகளுக்கு நல்ல விலை போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். இதை முடித்தே தீருவது என்று அந்த நிமிடமே தீர்மானித்தேன்.

பினாங்கு முதலாளி வேறு வியாபாரி தேடித் தூத்துக்குடி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, லாட்ஜுக்கே போய்விட்டேன். வெள்ளைச் சட்டை, சிரிக்காத முகம். என்னைப் பார்த்ததும், "தங்கச்சி, சிங்கப்பூர்ல பஞ்சாயத்து வெச்சா நான் செயிப்பேன். இங்க எதுக்கு நான் வர்றது?" என்றார்.

"செயிப்பீங்க. யாரு வேண்டாம்னா? ஆனா இத்தனை வருசம் பொய் சொல்லாத மனுசர் ஒரு நாள் மட்டும் ஏன் பொய் சொன்னாருங்கிறது உங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாமலே போயிரும். அது பரவாயில்லையா?"

அவருக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. "எந்த ஊரு நீங்க?" என்று கேட்டார். தமிழ் தெரிந்தவருக்கு அந்தப் பெயரின் அர்த்தமும் புரியும் என்பதை மறந்து உண்மையைச் சொல்லிவிட்டேன். அன்று அவர் சிரித்த ஒரே தடவை அதுதான். "அப்ப நான் ஏற்கனவே தோத்தாச்சு லா" என்றார், பினாங்குக்காரர்கள் பேச்சின் முடிவில் சேர்க்கிற 'லா'வோடு. ஆனாலும் வந்தார்.

மறுநாள் அண்ணாச்சியின் கடையிலேயே உட்கார்ந்து பேசினோம். வத்தல் நெடியில் எல்லோரும் மாறி மாறித் தும்மினோம், அண்ணாச்சியைத் தவிர. அவருக்கு அது பழகிப்போயிருந்தது. வியாபாரிகள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் சாட்சிக்கு வந்திருந்தார்கள். நான் என் முறையை ஆரம்பித்தேன். முதலாளியின் குறை என்ன என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "சரக்கு இருக்குன்னு நான் சொன்னதா அவரு சொல்லுதாரு" என்றார். முதலாளி தலையசைத்து "கரெக்ட்" என்றார். அண்ணாச்சியின் குறை என்ன என்று முதலாளியிடம் கேட்டேன். "சரக்கு இல்லைன்னுதான் சொன்னேன்னு இவரு சொல்றாரு" என்றார். அண்ணாச்சி தலையசைத்தார்.

அவ்வளவுதான். அதற்குமேல் வண்டி நகரவில்லை. வழக்கமாக யாராவது ஒருவர் கண்ணைத் தாழ்த்துவார், தொண்டையைச் செருமுவார், எனக்குப் பிடி கிடைத்துவிடும். இவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் பொய் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. போன் கம்பி சரியில்லையா என்று கேட்டால், தெளிவாகத்தான் கேட்டது என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதில் மட்டும் என்ன ஒற்றுமை!

மதியம் பின்கட்டில் சாப்பாடு. அண்ணாச்சியின் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். விருந்தாளிக்காக நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். சங்கத்து ஆட்களும் கார் டிரைவரும் கூடுதலாக வந்து உட்கார்ந்தது மதினியின் கணக்கில் வராத விஷயம். சண்டைக்கு வந்தவரானாலும் முதலாளி சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. கோழிக் குழம்பை சப்புக் கொட்டி உறிஞ்சினார். இலையில் சோறு தீர்ந்ததும் நிமிர்ந்து, "இன்னும் கொஞ்சம் சோறு" என்றார்.

மதினி அடுக்களை வாசலில் நின்றபடியே அண்ணாச்சியைப் பார்த்து, தணிந்த குரலில், "சோறு நெறைஞ்சிருக்கு" என்றார்.

முதலாளி முகம் மலர்ந்தது. "நெறைஞ்சிருந்தா நெறையா போடுங்க லா" என்று குழம்புக்கு வாகாக இலையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தார்.

யாரும் அசையவில்லை. மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரைப் பார்த்தார். அண்ணாச்சி தலையைக் குனிந்தார். சங்கத்து ஆட்கள் தங்கள் இலையில் இருந்ததை வேகமாக வாயில் போட்டுக்கொண்டார்கள். முதலாளி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இலைக்கு மேல் நீட்டியிருந்த கையை மெதுவாக மடக்கினார். அவர் முகம் சிவந்ததைப் பார்த்து எனக்கே உடம்பு கூசியது.

"போன்லயும் இப்படித்தான்" என்றார். "நெறைஞ்சிருக்குன்னு சொன்னாரு. அப்புறம் குடுக்கலை. இப்ப சோறும் நெறைஞ்சிருக்குன்னு சொல்றது, போடாம நிக்கிறது. என்னா மனுசங்க நீங்க?"

என் கைச்சோறு கையிலேயே நின்றது. "போன்ல என்ன வார்த்தை சொன்னாரு? அவரு வாயில வந்ததை அப்படியே சொல்லுங்க."

"வத்தல் நெறைஞ்சிருக்கு முதலாளின்னு சொன்னாரு."

அண்ணாச்சியைப் பார்த்தேன். "ஆமா, அப்படித்தான சொன்னேன்" என்றார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அரிசி, உப்பு, விளக்கெண்ணெய் என்று எது தீர்ந்துபோனாலும், தீர்ந்தது என்றோ இல்லை என்றோ வீட்டுக்குள் சொல்லமாட்டார்கள். நிறைந்திருக்கிறது என்பார்கள். அதைக் கேட்டதும் எடுத்துவர ஆள் கடைக்குப் போகும். நானும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். காலையில் இரண்டு பேரும் இருக்கு, இல்லை என்று தாங்கள் விளங்கிக்கொண்டதைத்தான் சொன்னார்களே தவிர, போனில் விழுந்த வார்த்தையை ஒருவரும் சொல்லவில்லை. துறைமுகத்தில் கற்ற தமிழில் கப்பல் இருக்கும், கூலி இருக்கும், வசவுகூட இருக்கும். அடுக்களைப் பேச்சு அவருக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

"மதினி, அந்தச் சோத்துப் பானையைக் கொண்டாங்க."

"அய்ய, அதை எதுக்கு விருந்தாளிக்குக் காட்டிக்கிட்டு" என்று மதினி வாசலை மறித்துக்கொண்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது. எச்சில் கையோடு எழுந்து போய், இடக்கையால் பானையைத் தூக்கி வந்து முதலாளி முன்னால் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். அடியில் ஒரு கைப்பிடிச் சோறு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுப்பது அந்த வீட்டில் பழக்கமில்லை.

"பாத்துக்கிடுங்க. இதுக்குப் பேருதான் நெறைஞ்சிருக்கு."

விஷயத்தை நான் சொல்லி முடித்ததும் அவர் சிரிப்பார், கைகுலுக்குவார், இலையை எடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தேன். நடக்கவில்லை. அவருக்குக் கோபம் கூடியது. "நான் பொறந்ததுல இருந்து தமிழ் பேசறேன் தங்கச்சி. எங்க தெருவுல தமிழாளே என்கிட்ட வந்துதான் லெட்டர் படிச்சுக் கேட்பான். எனக்கே தெரியாம இது என்னா தமிழ்?" என்றார். கப்பலும் நட்டமும் அந்த நேரத்தில் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. தனக்குத் தெரியும் என்று பெருமைப்பட்ட ஒன்று தெரியாமல் போனதுதான் அவரைச் சுட்டது. எனக்கு அது நன்றாகவே புரிந்தது. நானும் அப்படிப்பட்ட பிறவிதான்.

கையைக் கழுவிவிட்டு வந்து கடையில் உட்கார்ந்தவர், அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னார்: "சரி. நீங்க பொய் சொல்லலை, என் காதுதான் தப்புன்னு பினாங்குல எல்லார்கிட்டயும் போய்ச் சொல்றேன். ஆனா இனிமே எனக்கு நேரா சொல்லணும். இப்ப என் முன்னால ஒரு தடவை சொல்லுங்க. 'வத்தல் இல்லை' அப்படின்னு."

அண்ணாச்சி சாமி படத்துக்குக் கீழே இருந்த விளக்கைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். "மூணெழுத்து. சொல்லிட்டா முடிஞ்சுது."

"அது மட்டும் என்னால ஆகாது வக்கீலம்மா. இந்தக் கடையில அந்தச் சொல்லு விழுந்ததே கெடையாது. விழுந்துட்டா அது பினாங்குக்கா போகும்? இங்கனயேதான் கெடக்கும். அவரு போன் பண்ணுன அன்னைக்கு வெள்ளிக்கிழமை, வெளக்கு வச்ச நேரம். எப்படிச் சொல்லுவேன்?"

என்ன மனிதர் இவர்! தன் பெயரை மீட்க வேண்டும் என்று என் அறையில் கண்கலங்கியவர், அந்தப் பெயரைத் தட்டில் வைத்து நீட்டும்போது ஒரு சொல்லுக்காகப் பின்வாங்குகிறார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேரையும் தராசுத் தட்டில் தூக்கி வைத்துவிட்டுப் போய்விடலாமா என்று இருந்தது. ஒன்று மட்டும் அப்போதுதான் உறைத்தது. என் அறைக்கு வந்து கதை முழுவதையும் சொன்ன அன்றுகூட இவர் 'நிலவரத்தைச் சொன்னேன்' என்றாரே தவிர, அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை. இது பிடிவாதம் அல்ல. இவரால் முடியவே முடியாது.

முதலாளி குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் வாசலைத் தாண்டினால் சிங்கப்பூர்தான். அண்ணாச்சி புலம்பியது சட்டென்று என் நினைவுக்கு வந்தது.

"முதலாளி, ஒரு கேள்வி. நீங்க ஏன் நாலு லாட்டா சரக்கு எடுக்க மாட்டேங்கிறீங்க?"

நின்றார். "அந்த நம்பர் நல்லதில்லை."

"ஏன் நல்லதில்லை?"

"எங்க பாஷையில இன்னொரு வார்த்தை மாதிரியே சத்தம் வரும்."

"என்ன வார்த்தை?"

அவர் கடையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார். "யாவாரம் பண்ற எடத்துல நின்னு அதைச் சொல்லலாமா? நான் சொல்ல மாட்டேன் லா" என்றார்.

சில சமயம் வாயை மூடிக்கொள்ளவும் எனக்குத் தெரியும். முதலில் சிரித்தது அண்ணாச்சிதான். அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. எதற்குச் சிரிக்கிறார் என்று விழித்த முதலாளிக்கு, தான் சொன்னது தன் காதிலேயே ஏறியதும், குடை கையிலிருந்து நழுவியது. "அய்யோ லா" என்று மூடை மேலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூடவே தும்மல் வேறு. மதினி பதறிப்போய்த் தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தார்.

சிரித்து ஓய்ந்த பிறகு வியாபாரம் வியாபாரம்தானே. "சரி, சரக்கு இருக்கா, தீந்துபோச்சான்னு எனக்கு எப்படித் தெரியறது?" என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. "அதுக்கு நான் இருக்கேன்" என்றேன். "அண்ணாச்சி எங்கிட்ட நெறைஞ்சிருக்குன்னு சொல்லட்டும். நான் உங்களுக்கு இல்லைன்னு தந்தி குடுக்கேன். எனக்கு அந்தச் சொல்லைச் சொல்ல எந்தக் கூச்சமும் கிடையாது. கோர்ட்டுல அதைச் சொல்லித்தான் சாப்பிட்டேன்." இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். கப்பல் நட்டத்தை ஆளுக்குப் பாதி என்று பேசி முடிக்க அதற்குப் பிறகு நேரமே ஆகவில்லை.

முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த வெள்ளாமைக்குள், ஆர்டரை நிறுத்தியிருந்த பினாங்கு வியாபாரிகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். தன் காதுதான் தப்பு என்று முதலாளி ஒவ்வொரு கடையாக ஏறிச் சொன்னாராம். அந்தப் பானைக் கதை பினாங்கில் பிரபலமாகிவிட்டது என்று அவரே போனில் சொன்னார். அண்ணாச்சி மூடைகளை மூன்றாகவும் ஐந்தாகவும் பிரித்து அனுப்பினார், முணுமுணுக்காமல். சீனத்தில் நாலு என்ற சொல் சாவு என்ற சொல்லைப்போல ஒலிக்கும் என்பதைப் பிறகு வேறொருவர் சொல்லித்தான் நானே தெரிந்துகொண்டேன்.

அதிலிருந்து இல்லை சொல்வது எனக்கு ஒரு தொழிலாகிவிட்டது. மழை கெடுத்த வருடங்களில் அண்ணாச்சி என் அறைக்கு வந்து, "நெறைஞ்சிருக்கு வக்கீலம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். நான் தந்தி ஆபீசுக்குப் போய் ஆங்கில எழுத்தில் 'இல்லை' என்று ஒற்றை வார்த்தையை எழுதி நீட்டுவேன். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று அங்கிருந்தவர் கேலி செய்வார். செய்தியறிந்து வேறு கடைக்காரர்களும் வந்தார்கள். கொழும்புக்கு ஒரு இல்லை, துபாய்க்கு ஒரு இல்லை. வாங்குகிறவர் மனம் நோகாமல், விற்கிறவர் நாக்கு கூசாமல் இல்லை சொல்ல கோவில்பட்டியில் என்னை விட்டால் ஆள் கிடையாது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

எண்பதுகள் முடிகிற சமயம். ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு வத்தல் வாங்க அண்ணாச்சி கடைக்குப் போயிருந்தேன். மதினி அப்போதுதான் விளக்கேற்றியிருந்தார். போன் அடித்தது. பினாங்கு என்று எக்ஸ்சேஞ்சில் சொன்னதும் அண்ணாச்சி எழுந்து நின்றுதான் பேசினார். அவரிடம் எப்போதும் அந்த மரியாதை உண்டு. "சொல்லுங்க முதலாளி" என்றார். அதன்பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். "பிள்ளைக என்ன சொல்லுதாவ?" என்று ஒரு தடவை கேட்டார். "சரி. சரி முதலாளி" என்று வைத்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி?"

"அவரு கடை நெறைஞ்சிருச்சாம்" என்றார்.

வெளியூரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த கடைப் பையன்கள் "ஓகோ" என்று சந்தோஷப்பட்டார்கள். நான் கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன். மதினி தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிள்ளைகளுக்கு இந்த வியாபாரத்தில் நாட்டமில்லை, கட்டடத்தையும் கொடுத்தாகிவிட்டது, அந்த மாதத்தோடு மூடுகிறார் என்று அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். அதை அண்ணாச்சியிடம் எந்தச் சொல்லில் சொல்ல வேண்டும் என்று முதலாளிக்குத் தெரிந்திருந்தது.

அண்ணாச்சி போனைத் துண்டால் துடைத்துவிட்டு, "ஒரு தந்தி குடுக்கணும் வக்கீலம்மா. போன்ல எனக்குப் பேச வரலை" என்றார்.

"என்னன்னு குடுக்க?"

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அவரை மாதிரி எனக்கு இன்னொரு ஆளு இல்லைன்னு குடுங்க."

மதினி திரும்பிப் பார்த்தார். அந்த இல்லையை அண்ணாச்சியே சொல்லிவிட்டார். நான் அதை எழுதி அனுப்ப மட்டும் செய்தேன்.